பிராந்திக்கு ஒதுக்கிய இடம்

புதிதாக இந்தப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். கூடவே, “கொஞ்சம் கோபப்படாமப் பேசுங்க மேடம்” என்றும் கேட்டுக்கொண்டார்கள். முதலாவதைச் செய்துவிடலாம். இரண்டாவதற்கு நான் உறுதி தர முடியாது. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு சனிக்கிழமையை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

பாண்டிச்சேரியில் ஒரு சின்ன நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அதன் பேர் இங்கே வேண்டாம். என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் புழங்கியதால் எனக்குப் பிரெஞ்சு வரும். அந்த ஒரு தகுதிக்காக ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள்.

அந்தப் பக்கத்தில் மூன்று பகுதிகள். முதலாவது ‘உலகம்’. ஈராக்கில் போர் முடிந்துவிட்டதாக அமெரிக்கா அறிவித்துவிட்டு, முடிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த காலம் அது. பிரான்சில் என்ன பேசுகிறார்கள், நம் ஊர்க்காரர்கள் குடியேறிய இடங்களில் என்ன நடக்கிறது என்று இணையத்திலும் பாரிசிலிருந்து வரும் பழைய பத்திரிகைகளிலும் தேடி, சுவாரசியமானதை நான் தமிழில் போடுவேன். அப்போது இணையத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம்.

இரண்டாவது ‘பானம்’. நன்னாரி சர்பத், மொராக்கோவில் புதினா போட்டுக் குடிக்கிற தேநீர் என்று நன்றாகத்தான் ஆரம்பித்தேன். மதுக் கம்பெனிகள் நேரடியாக விளம்பரம் கொடுக்க முடியாது என்பதால் விளம்பரப் பிரிவு ஆட்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார்கள். மழைக்கால மாலைக்கு ஏற்ற பிராந்தி, கடற்கரைக்கு ஏற்ற பீர் என்று அவர்களே எழுதிக் கொண்டுவந்து தருவார்கள். சனி ஞாயிறு நோணாங்குப்பம் படகுச் சவாரிக்கு வருகிற சென்னைக்காரர்கள் விரும்பிப் படிக்கிறார்களாம்.

மூன்றாவது ‘துணிச்சல்’. இது முதலாளியின் ஆசை. பல்லிக்குப் பயப்படாமல் இருப்பது எப்படி, மேடையில் பேசுவது எப்படி, லிஃப்டில் ஏறுவது எப்படி என்று வாரம் ஒன்று. அதை எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். முதலாளியின் கார் வாசலில் நின்றால் குரலைத் தாழ்த்துகிற ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குத் துணிச்சல் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை காலை விளம்பரக் கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று நான் உட்கார்ந்திருந்தேன். முப்பது முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் வந்தாள். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்பவள். பேர் செல்வி என்று பிறகு தெரிந்தது. கல்யாண ஃபோட்டோ ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த ஒரு ஆணின் முகத்தை என் முன்னால் வைத்தாள்.

“கண்ணீர் அஞ்சலி போடணும்க்கா. எங்க அண்ணன். நாளைக்குப் பேப்பர்ல வரணும்.”

பேர் கலியபெருமாள். எழுதிக்கொண்டேன். எப்படி இறந்தார் என்று கேட்டேன்.

“மாரடைப்புன்னு போட்டுக்குங்க.”

‘மாரடைப்பு’ என்று சொல்லியிருந்தால் அப்படியே எழுதியிருப்பேன். ‘போட்டுக்குங்க’ என்றதும் பேனா நின்றுவிட்டது. இதை உங்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தராது. ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்பதோடு, எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்றும் கேளுங்கள்.

“மாரடைப்புதானாம்மா?”

“அப்படிச் சொல்லச் சொல்றாங்க.” சுற்றிப் பார்த்துக்கொண்டாள். “குடிச்சாருக்கா. எப்பவும் குடிக்கறதுதான். மறுநாள் சாயங்காலம் வயிறு வலிக்குதுன்னாரு. அப்பால, கண்ணு முன்னால எல்லாம் பாலை ஊத்தின மாதிரி வெள்ளையா தெரியுதுன்னாரு. மூச்சு எளைச்சுது. விடியறதுக்குள்ள பூட்டாரு.”

எழுதிக்கொண்டிருந்த தாளை நகர்த்தி வைத்தேன். காரணம் இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் ‘உலகம்’ பகுதிக்காக ஒரு பிரெஞ்சுக் கட்டுரையைப் படித்திருந்தேன். ஐரோப்பாவின் வடக்கு மூலையில் ஒரு சின்ன நாட்டில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து ஏராளமானவர்கள் செத்துப்போனதைப் பற்றியது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் காட்டும், கண் முன்னால் பனி கொட்டுவதுபோல வெள்ளையாகத் தெரியும், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பிழைத்தார்கள் என்று அதில் மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். நம் வாசகர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

“அண்ணன்கூட வேற யாரு குடிச்சாங்க?”

“எங்க வூட்டுக்காரரு. அவரு கொஞ்சமாத்தான். கண்ணு கூசுதுன்னு லுங்கிய மூஞ்சி மேல போட்டுக்கினு படுத்திருக்காரு. அழுத கண்ணு, அதான் போலன்னு உட்டுட்டேன்.”

நான் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே கலியபெருமாளைக் கிடத்தியிருந்த கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஏழுமலை, செல்வியின் கணவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுமே சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேணாம்மா. ஆஸ்பத்திரின்னா போலீஸ் வரும். போலீஸ் வந்தா பொணத்த அறுத்துடுவாங்க. அந்தக் கடைக்காரன் யாருன்னு தெரியுமா ஒனக்கு? தெனமும் அவன் கடையத் தாண்டித்தான் நாங்க போவணும், வரணும்.”

கடை என்றால் உரிமம் வாங்கிய மதுக்கடைதான். முன்பக்கம் முத்திரை வைத்த பாட்டில், பின்கதவில் பாதி விலைக்கு உதிரிப் பிராந்தி. சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த ரகசியம். கடைக்காரர் ஊரில் எல்லா மேடைகளிலும் மாலை போட்டுக்கொள்கிற மனிதர்.

ஏழுமலையும் எழுந்திருக்கவில்லை. “தூங்கினா சரியாப் பூடும். உடுங்க.”

செல்வி அவர் முகத்திலிருந்து லுங்கியை இழுத்தாள். அவர் கண்ணுக்கு நேராகக் கையை நீட்டினாள்.

“எத்தன வெரலு, சொல்லு.”

அவர் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். “கைய மொதல்ல காட்டு, சொல்றேன்” என்றார்.

கை அவர் மூக்குக்கு முன்னால்தான் இருந்தது.

அதற்குப் பிறகு செல்வி யாரையும் கேட்கவில்லை. அந்தப் பெரியவரை நகர்த்திவிட்டு, கணவரின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். நான் இன்னொரு பக்கம் பிடித்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட எழுந்து வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். அவர்களைப் பயமுறுத்தி வைத்தவர்கள் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் ஏழுமலையின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். இரண்டே கேள்வி கேட்டார். உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து எங்களிடம் பேசினார்.

“இதே சரக்கை வேற யாராச்சும் குடிச்சாங்களா?”

“எங்க அண்ணன். செத்துட்டாரு” என்றாள் செல்வி.

“அடக்கம் பண்ணியாச்சா?”

“மத்தியானம் எடுக்கறாங்க.”

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “எடுக்கக் கூடாதும்மா. உங்க அண்ணன் உடம்பைப் பரிசோதிச்சாத்தான் இது இன்னதுன்னு உறுதியா சொல்ல முடியும். இன்னும் எத்தனை வீட்ல ஆளுங்க இப்படிப் படுத்திருக்காங்களோ, தெரியல.”

செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். என் அண்ணனை நானே அறுக்கக் கொடுக்கணுமா என்று என்னைத்தான் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. பிறகு அவளாக எழுந்தாள். என்னிடம் ஒரு ரூபாய்க் காசு வாங்கிக்கொண்டு வராந்தாவில் இருந்த ஃபோனுக்குப் போனாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையைக் கூப்பிட்டு அந்தப் பெரியவரை வரவழைத்தாள்.

“மாமா, நான் செல்வி பேசறேன். அண்ணன எடுக்காதீங்க. யாரு இன்னா சொன்னாலும் எடுக்காதீங்க. நான் வந்து பதில் சொல்லிக்கறேன்.” மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அலுவலகத்துக்கு நான் திரும்பியபோது ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ‘பானம்’ இடத்தில், குளிர்ந்த பிராந்தியில் எலுமிச்சைத் துண்டு போட்டால் வார இறுதி எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று ஒரு கட்டுரை. விளம்பரப் பிரிவு தந்தது. நான் பக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன். செய்தி ஆசிரியர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் செய்தி பார்த்தவர், அதிகம் பேசாதவர்.

நடந்ததைச் சொன்னேன். முதலாளி முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்:

“லேப் ரிப்போர்ட் வந்துச்சா?”

“இல்ல சார். வர நாளாகும்.”

“அப்ப திங்கக்கெழம பாத்துக்கலாம்.”

“சார், இன்னைக்கு ராத்திரியும் நாளைக்கும் அதே சரக்கைக் குடிப்பாங்க. ஏற்கெனவே குடிச்சவங்க தூங்கினா சரியாயிடும்னு வீட்ல படுத்திருக்காங்க.”

“சனி ஞாயிறு. ஊர் முழுக்க வெளியூர் வண்டி. இப்பப் போயி பயத்தைக் கிளப்பறியா? அந்தக் கடைக்காரரு நம்ம ஆளு. அவர் என்ன நெனப்பாரு?”

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. “வாரா வாரம் பல்லிக்குப் பயப்படாதீங்கன்னு என்னை எழுத வைக்கறீங்களே சார். செத்துப்போவாங்கன்னு தெரிஞ்சும் பயப்பட வேணாம்னு சொல்றதுக்கா நாம பத்திரிகை நடத்தறோம்?” என்று கேட்டேன். என் குரல் வெளியே வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

“அந்தப் பக்கம் அப்படியே போகட்டும்” என்று சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடக் கிளம்பினார்.

நான் செய்தி ஆசிரியரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. மகளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனாலும் நான் நகராமல் நின்றேன்.

“நீ கண்ணால பாத்தது என்ன?” என்றார்.

“ஏழுமலைக்குக் கண் தெரியல. அவர் முன்னால நீட்டின கை தெரியல.”

“காதால கேட்டது?”

“கடையோட பேர். பின்கதவு. எல்லாம் அவங்க சொன்னது. டாக்டரும் சந்தேகம்னுதான் சொன்னார்.”

“அப்ப கடை பேர் வேணாம். ஆள் பேர் வேணாம். எவ்வளவு பேர்னு ஊகம் வேணாம். பாத்ததை எழுது, என்ன செய்யணும்னு எழுது. நாளைக்கு நம்மள யாரும் பொய்யன்னு சொல்லிடக் கூடாது. சொன்னா, படிச்சவன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டான்.”

எனக்கு அந்தக் கடைக்காரரின் பேரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் போல இருந்தது. என் கோபத்துக்கு அதுதான் தேவைப்பட்டது. படுத்துக்கிடக்கிறவனுக்குத் தேவைப்பட்டது வேறு. கோபம் இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். ஆனால் எழுத உட்கார்ந்ததும், இந்த வரி யாருக்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராந்திக் கட்டுரையை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே ‘பானம்’ தலைப்பின் கீழ் நான் எழுதியது இவ்வளவுதான்:

‘கடந்த ஓரிரு நாளில் மது குடித்த யாருக்காவது கண் மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ, எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தாலோ தூங்க விடாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். இப்படி வந்த ஒருவருக்கு அங்கே சிகிச்சை நடக்கிறது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து காத்திருக்காதீர்கள். இதைப் படிப்பவர்கள் பக்கத்து வீட்டுக்கும் படித்துச் சொல்லுங்கள்.’

செய்தி ஆசிரியர் இரண்டு முறை படித்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. பக்கத்தின் மூலையில் தன் கையெழுத்தைப் போட்டார். “என் பொறுப்புன்னு சொல்லு” என்று சொல்லி, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். துறைமுகத்திலிருந்தும், தட்டாஞ்சாவடி பட்டறைகளிலிருந்தும், சுற்று கிராமங்களிலிருந்தும். கணவனைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள் ஒருத்தி. டீக்கடையில் யாரோ உரக்கப் படித்ததைக் கேட்டு ஓடி வந்ததாகச் சொன்னாள். காலையில் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள் என்று டாக்டர் சொன்னார். பயந்து மறைத்து, சாயங்காலத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்த ஆட்களில் பலர் வீடு திரும்பவில்லை. ஏழுமலை உயிரோடு வந்தார். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் நிழல் மாதிரி தெரியும்.

இப்போது என் காது சூடாகிற இடம் வருகிறது. திங்கட்கிழமை செய்தி ஆசிரியரை விடுப்பில் போகச் சொன்னார்கள். அவர் அந்த நாற்காலிக்குத் திரும்பவே இல்லை. என்னை வரிவிளம்பரத்துக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை சோதனை முடிவு வந்து, ஊரெல்லாம் பேச்சாகி, வெளியூர்ப் பத்திரிகைகள் எல்லாம் வந்து இறங்கியதும் எங்கள் முதல் பக்கத்தில் என்ன தலைப்பு தெரியுமா? ‘முதலில் எச்சரித்தது நாமே!’ முதலாளி டிவியில் பேட்டி கொடுத்தார். பத்திரிகைக்குத் துணிச்சல்தான் மூலதனம் என்றார். அதை நான் செய்தி ஆசிரியரின் வீட்டுக் கூடத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் டிவியை அணைத்துவிட்டு, “அந்த மீன்கார அம்மா வூட்டுக்காரரு எப்படி இருக்காரு?” என்று கேட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச மாதத்தில் நான் அந்த வேலையை விட்டுவிட்டு வேறொரு பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தேன். சாவுகள் பற்றிய அரசாங்க விசாரணை அப்போதுதான் தொடங்கியது. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைக்கு சீல் வைத்தார்கள், உரிமம் போனது. வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாக இழுத்து, கடைக்காரர் ஒரு நாள்கூட உள்ளே போகாமல் தன் வீட்டுக் கட்டிலில் வயதாகிச் செத்தார். நியாயம் என்று நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் உரிமம் போனதே, அது எப்படிப் போனது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விசாரணை நடந்த கூடத்தில் கடைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை வரச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்தாலே போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணவனைப் பறிகொடுத்தவர்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். எங்கே வாங்கினார் என்று அதிகாரி கேட்டபோது, ஒவ்வொருவரும் அந்த முதல் வரிசையைப் பார்த்துவிட்டு, தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

செல்வியைக் கூப்பிட்டார்கள். அண்ணன் உடம்பை அறுக்கக் கொடுத்ததிலிருந்து அவள் சொந்தக்காரர்கள் அவளோடு பேசவில்லை. தனியாகத்தான் வந்திருந்தாள். எழுந்து நின்றதும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாற்காலி தரையில் தடதடவென்று ஆடுவது எனக்குக் கேட்டது.

“உங்க அண்ணன் எங்க வாங்கினார்னு தெரியுமா?” என்று அதிகாரி கேட்டார்.

“தெரியும்.”

செல்வி முதல் வரிசையைப் பார்த்து ஒரு கையை நீட்டினாள்.

“தோ, முன்னால உக்காந்துக்கினு இருக்காரே, அவரு கடையில. பின்கதவுல. நானும் ஒருக்கா கூடப் போயிருக்கேன். சரக்க இவரு கையால எடுத்துக் கொடுத்தாரு.”

கடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “யாரும்மா நீ?” என்றார்.

“கலியபெருமாள் தங்கச்சி” என்றாள் அவள். சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பினார். பின்வரிசையில் சற்று முன்னால் தெரியாது என்று சொன்ன ஒரு அம்மா எழுந்து, “ஐயா, நானும் சொல்லணும்” என்றார்.

செல்வி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“நான் சொன்னத எழுதிக்கினியாக்கா?”

“எழுதிட்டேன்.”

“அவன் பேரையுமா?”

“அவன் பேரையும்தான்.”